ரெஜினாள் ஏறிய மலை

ஜனவரி 11, சனி

கச்சான், பலமாக. பிற்பகல் மூன்று மணியிலிருந்து பனி.

தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் லாஞ்சுக்குச் சுக்கான் பிடித்தவனுக்குக் காற்றைக் குறிக்காமல் ஒரு நாளை எழுதத் தெரியாது. மேற்கிலிருந்து வந்தால் கச்சான், வடக்கிலிருந்து வந்தால் வாடை. ஸ்காட்லாந்தில் யாரும் இப்படிப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. செல்போனில் ஒரு அம்புக்குறியும் ஒரு எண்ணும் வருகின்றன. அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

என் மனைவி ரெஜினாள் நாலரை மணிக்கு வீடு வந்தாள். மலைநடைக் குழுவோடு அவள் போவது இது மூன்றாவது சனிக்கிழமை. கதவைத் திறந்ததும் முதலில் குளிர் வந்தது, பின்னால் அவள் வந்தாள். புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. "சோறு இருக்கா?" என்றாள். மீன்குழம்பு ஊற்றி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். நான் அவளுடைய பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தேன். காலைக்குள் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

இதற்கெல்லாம் காரணம் மோரக். தபால் விநியோகம் செய்து ஓய்வுபெற்ற அம்மாள், வயது அறுபத்து நான்கு. மணிக்கட்டு முறிந்து, ரெஜினாள் நர்ஸாக இருக்கும் வார்டில் கிடந்தபோது, "நீ நடக்கிற நடை வார்டுக்குள் வீணாகிறது" என்று சொல்லிக் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறாள்.

சாப்பிட்டு முடித்ததும் ரெஜினாள் சொன்னாள். "பிப்ரவரி பதினஞ்சாந்தேதி பென் ஆரிக் ஏறுதாங்க. நானும் பேரு குடுத்துட்டேன்."

"எவ்வளவு உயரம்?"

"தொள்ளாயிரத்து எம்பது மீட்டர்."

"பனியிலயா?"

"பனி இல்லாம பிப்ரவரி ஏது இங்க? நீங்களும் வாங்க."

"எனக்கு என்னத்துக்கு?"

"பன்னெண்டாந்தேதி எனக்கு அம்பது முடியுது. கேக்கு கீக்கெல்லாம் வேண்டாம். நீங்க கூட வந்தாப் போதும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடலில் பார்க்காத காற்றா.

ஜனவரி 18, சனி

வாடை, லேசாக. வானம் தெளிவு.

முதல் மலை. மலை என்று சொல்லக்கூடாதாம், மேடுதானாம். மோரக்கின் தம்பியுடைய பூட்ஸ் எனக்குச் சரியாக இருந்தது. நன்றாக நடந்தேன். இரண்டு இடத்தில் காட்சி அருமையாக இருந்ததால் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது இடத்திலும் காட்சி அருமையாக இருந்தது.

ரெஜினாள் நடப்பதைப் பின்னாலிருந்து இன்றுதான் பார்த்தேன். இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் எப்போதும் நான் முன்னால், அவள் பின்னால். அவள் பனியில் காலை ஊன்றுவதில்லை. வைக்கிறாள், அது நிற்குமா என்று ஒரு கணம் பார்க்கிறாள், பிறகுதான் உடம்பை அதன் மேல் ஏற்றுகிறாள். அவசரம் இல்லை, நிற்பதும் இல்லை. இரண்டு மணி நேரமும் அதே தாளம்.

ஜனவரி 19, ஞாயிறு

மாடியிலிருந்து கீழே இறங்கவில்லை. கீழே எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

ஜனவரி 25, சனி

கச்சான், விட்டுவிட்டு. பனி முழங்கால் வரை.

பனிக்கோடரிப் பயிற்சி. கோடரி என்றாலும் அது ஒரு கைத்தடிதான், தலையில் ஒரு பக்கம் கூர், மறுபக்கம் தட்டை. சரிவில் வழுக்கினால் கவிழ்ந்து படுத்து, கூர்முனையைப் பனியில் குத்தி, உடம்பு முழுவதையும் அதன் மேல் போட வேண்டும். பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் கட்டிக்கொண்டு நடக்கவும் பழகினோம்.

மோரக் ஒவ்வொருவரையும் சரிவில் வேண்டுமென்றே வழுக்கவிட்டாள். ரெஜினாளை மல்லாக்க, தலை கீழ்ப்பக்கமாக இருக்கும்படி விட்டாள். அவள் வழுக்கிக்கொண்டே புரண்டாள், குத்தினாள், நின்றாள். எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி போறேன்" என்று தமிழிலேயே மோரக்கிடம் சொன்னாள். மோரக்குக்கும் புரிந்துவிட்டது.

நானும் வழுக்கினேன். கேலம் என்று ஒரு பையன், பையன் என்ன, முப்பத்தைந்து வயதுத் தச்சன், அவன் காலை வாரிக்கொண்டு அவனையும் சேர்த்துக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். "துறைமுகத்தில் இப்படித்தான் கப்பலை நிறுத்துவீர்களா, இன்னாசி?" என்று கேட்டான். நல்ல மனிதன்.

பிப்ரவரி 12, புதன்

ரெஜினாளுக்கு ஐம்பது. பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்து, நான் ஊற்றிய காப்பியைக் குடித்தபடியே நாற்காலியில் தூங்கிப்போனாள். சென்னையிலிருந்து மகள் ஜெனிட்டா கூப்பிட்டாள். எழுப்ப வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. விரல் சரியாக மடங்கவில்லை. இன்று எழுதுகிறேன்.

காலை ஏழரைக்கு ஆறு பேராக ஏறத் தொடங்கினோம். மோரக், கேலம், நாங்கள் இருவர், இன்னும் ஒரு கணவன் மனைவி. புயல் இரண்டு மணிக்கு மேல்தான் என்று செல்போன் சொன்னது. ஒன்பதரைக்கே காற்று தெற்கிலிருந்து மேற்காகத் திரும்புவதைக் கழுத்தில் உணர்ந்தேன். சொல்லலாமா என்று பார்த்தேன். புதிதாக வந்தவன் சொல்லி அவர்கள் திரும்பினால் ரெஜினாளின் நாள் கெட்டுவிடும். சொல்லவில்லை.

பத்தரைக்கு மலையின் தோளில் ரொட்டி தின்ன நின்றோம். வலது கையின் வெளிக் கையுறையைக் கழற்றினேன். ஒரு வீச்சு. உறை ஒரு காக்கையைப் போலப் பறந்துபோயிற்று. உள்ளுறை இருந்ததால் அதைப் பெரிதாக யாரிடமும் சொல்லவில்லை.

பதினொன்றரைக்குக் கச்சான் வந்து அறைந்தது. வந்தது என்றால் கதவைத் தட்டிவிட்டு அல்ல. முன்னால் போன கேலமைக் காணவில்லை, கேலம் நின்ற மலையைக் காணவில்லை. பனி மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் போனது. தரையும் வானமும் ஒரே வெள்ளை. கடலில் எந்தப் புயலிலும் தண்ணீர் எது என்பதாவது தெரியும்.

மோரக் பையிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் பெரிய துணிக்கூடு ஒன்றை உதறி எங்கள் ஆறு பேர் தலை மேலும் கவிழ்த்தாள். அதன் ஓரத்தை அடியில் மடித்து அதன் மேலேயே உட்கார்ந்தோம். உச்சிக்கு இன்னும் இருநூறு மீட்டர் ஏற்றம் என்றாள் மோரக். அரை மணி நேரத்தில் காற்று தணிந்தால் ஏறலாம் என்றாள். உள்ளே மூச்சுக்காற்றில் கதகதப்பாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பலின் சங்கு கேட்டதுபோல் இருந்தது.

ரெஜினாள் என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "இங்க பாருங்க. நம்ம பிள்ளைக்கு என்ன பேரு?"

"அமலி" என்றேன்.

அமலி என் அக்கா. காற்றுச் சத்தத்தில் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை.

ரெஜினாள் தன்னுடைய மாற்றுக் கையுறைகளை எடுத்து என் கையில் மாட்டினாள். "போட்டுக்கங்க, எனக்கு வேர்க்குது" என்றாள். அவளுடைய தடித்த சட்டையையும் என் மேல் போட்டாள். சூடான சர்க்கரைத் தண்ணீரை நான் போதும் போதும் என்றாலும் விடாமல் குடிக்கவைத்தாள். பிறகு மோரக்கிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "என்னால் முடியவில்லை. காலில் நரம்பு பிடித்துக்கொண்டது. இப்போதே இறங்க வேண்டும்."

மோரக் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துணிக்கூட்டைச் சுருட்டத் தொடங்கினாள்.

இறங்கியதைத்தான் எழுத வேண்டும். மலைத்தோளின் இடது பக்கம் செங்குத்தான பள்ளம். அதன் ஓரத்தில் பனி கூரைத் தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாம். மேலே நின்றால் தரை போலத் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. மோரக் ரெஜினாளின் இடுப்பில் கயிற்றைக் கட்டி முன்னால் அனுப்பினாள். தான் பின்னால் நின்று திசைகாட்டியைப் பார்த்து "வலது, இன்னும் வலது" என்று கத்தினாள். கால் பிடித்துக்கொண்டது என்று சொன்னவள் அத்தனை பேருக்கும் முன்னால் நடந்தாள். என்ன மனோதிடம்!

இரண்டு எட்டுக்கு ஒருமுறை பனியை உருட்டி முன்னால் எறிவாள். உருண்டை விழுந்து வெள்ளையில் ஒரு புள்ளியாக நின்றால் அங்கே தரை இருக்கிறது. ஒரு தடவை எறிந்தாள், புள்ளி தெரியவில்லை. உருண்டை காணாமலே போயிற்று. ரெஜினாள் அப்படியே நின்றாள். கத்தவில்லை. ஒரு கையைத் தூக்கினாள், எங்கள் எல்லோரையும் நிறுத்தினாள். பிறகு வந்த தடத்திலேயே காலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று எட்டுப் பின்னால் வந்தாள். வலப்பக்கம் திரும்பி மறுபடி எறிந்தாள். புள்ளி நின்றது.

எட்டுகளை அவள் வாய்விட்டு எண்ணினாள். இடது கால் எழுபத்திரண்டு தடவை விழுந்தால் நூறு மீட்டர். "அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டு, அறுபத்திமூணு..." அந்தக் காற்றில் எனக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆள் தெரிந்தும் தெரியாத வெள்ளையில் தமிழ் எண்கள் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தன. நான் அவற்றின் பின்னாலேயே நடந்தேன். கேலம் என் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தான். கொஞ்சம் பயந்த சுபாவம் போலிருக்கிறது.

மூன்று மணிக்கு வண்டியை அடைந்தோம்.

இன்று எண்ணெய் காய்ச்சி ரெஜினாளின் காலைத் தேய்த்துவிட்டேன். "எந்தக் காலு?" என்று கேட்டேன். "வலது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து "இங்கனதான், இடதுல" என்றாள். இரண்டையும் தேய்த்தேன். பாவம், உச்சிக்கு இருநூறு மீட்டர் கீழே கால் இப்படிக் காட்டிக்கொடுத்துவிட்டதே. நான் அங்கிருந்து ஏறியிருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, புதன்

வலது கையில் இரண்டு விரல் நுனி வெள்ளையாக இருந்து இப்போது கறுத்திருக்கிறது. ரெஜினாள் காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீரில் கழுவிக் கட்டுப்போடுகிறாள். அவளுடைய மருத்துவமனை டாக்டரிடமும் காட்டினாள். விரல் போகாது என்று அவர் சொன்னாராம். கட்டுப்போடும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. விரலை மட்டும்தான் பார்க்கிறாள்.

பிப்ரவரி 22, சனி

காற்றில்லை.

தம்பியின் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க மோரக் வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்தாள். ரெஜினாளின் கால் இப்போது தேவலை, நான் தினமும் தேய்த்துவிடுகிறேன் என்றேன்.

மோரக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எந்தக் கால்?" என்றாள்.

"இரண்டும்."

அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னதாகச் சொல்லாதே என்றுகூடக் கேட்கவில்லை. நேராகவே சொன்னாள். "இன்னாசி, அன்று நீ குழறிக்கொண்டிருந்தாய். உன் கை நீலமாக இருந்தது. இன்னும் அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கியிருக்க வேண்டும். அந்தக் காற்றில் எங்களால் தூக்கியிருக்க முடியாது. நான் பிறகு அவளிடம் கேட்டேன், ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று. அவருக்கு முடியவில்லை என்று சொன்னால் அவர் முடியும் என்பார், பத்து நிமிடம் வாதாடுவார், நம்மிடம் பத்து நிமிடம் இல்லை என்றாள்."

தேநீரை முழுதும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ரெஜினாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கதவோரமே நின்றேன்.

"ஏளா, ஒனக்குக் காலு வலிக்கவே இல்லியா?"

கத்தி நின்றது. "மோரக் சொல்லிட்டாளா?"

"நான் ஒரு வாரமா எண்ணெய் தேச்சுக்கிட்டிருக்கேன்."

"அது நல்லாத்தான் இருந்துது" என்றாள்.

"எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா கேப்பியளா? லாஞ்சுல காய்ச்சலோட மூணு நாள் நின்னவரு நீங்க. யாரு சொல்லிக் கேட்டிய?" கத்தி மறுபடி ஓடியது. "காத்து திரும்புததை நீங்க அன்னைக்கு ஒம்பதரைக்கே பாத்திய. கழுத்தைத் தடவுனிய. நான் பாத்தேன். எனக்காகத்தான் சொல்லல. அது எனக்குத் தெரியாதா? ஆனா இனிமே அப்படிச் செய்யாதிய."

அங்கேயே நின்று வெங்காயம் நறுக்கி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

பதினாறாம் தேதி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கோடு போட்டு அடிக்க வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். கேலம் பயந்த சுபாவம் இல்லை.

மார்ச் 8, சனி

காலை 7.20. வாடை, மிதமாக. மலைக்குக் கீழே, வண்டிக்குள்.

மறுபடி பென் ஆரிக். கிளம்பும் முன் எல்லோர் முன்னாலும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: போன முறை திரும்பியது என்னால்தான், ரெஜினாளால் இல்லை. இன்று நான் ஏறவில்லை, கீழே காத்திருக்கிறேன். இந்த இரண்டு வாக்கியத்தை மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். "தெரியும்" என்றான் கேலம். மற்றவர்களும் தலையாட்டினார்கள். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பிறகு மோரக்கைத் தனியாகக் கூப்பிட்டு, காற்று மதியத்துக்குள் கச்சானாகத் திரும்பும், செல்போன் சொல்வதைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே வரும் என்றேன். அவள் ஒரு கணம் வானத்தைப் பார்த்தாள். "அப்படியென்றால் எங்கும் உட்காரப்போவதில்லை" என்றாள். ஐந்து பேரும் வேகமாகக் கிளம்பினார்கள்.

மூன்றரைக்குத் திரும்ப வேண்டும். ஐந்துக்குள் வராவிட்டால் மீட்புக்குழுவுக்கு நான் போன் செய்ய வேண்டும். எண்ணைக் காகிதத்தில் எழுதி மோரக் கொடுத்திருக்கிறாள்.

11.40. கச்சான் வந்துவிட்டது. மலையின் மேல்பாதி மறைந்துவிட்டது. இந்நேரம் உச்சியைத் தொட்டுத் திரும்பியிருந்தால் நல்லது.

1.15. வண்டி ஆடுகிறது. வெளியே நின்று பார்த்தேன், நிற்க முடியவில்லை. லாஞ்சில் நான் கடலுக்குப் போன நாட்களில் அவள் கரையில் இப்படித்தான் இருந்திருப்பாள். இருபத்திரண்டு வருடம். ஒருநாள்கூட அதைப் பற்றி நான் கேட்டதில்லை.

3.30. இல்லை.

4.05. இல்லை.

4.25. ஒரு நிமிடம் மேகம் விலகியது. சரிவில் கறுப்புப் புள்ளிகள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மறுபடி மூடிக்கொண்டது. நாலுதான்.

4.40. போனைக் கையில் வைத்திருக்கிறேன்.

4.50. ஐந்து. ஐந்து பேர். நாலு என்று எண்ணியது தப்பு. இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு ஒரே புள்ளியாக இறங்கியிருக்கிறார்கள். கேலம் முட்டியைத் திருகிக்கொண்டிருக்கிறான். அவன் கை ரெஜினாளின் தோள் மேல். அவளுடைய பை அவள் முதுகில், அவன் பையும் அவள் நெஞ்சில்.

இரவு 8 மணி. வீட்டில்.

ரெஜினாள் கீழே வந்து இரண்டு பையையும் வண்டியில் போட்டுவிட்டு முதல் வேலையாகக் கேலமின் முட்டியை அழுத்திப் பார்த்துக் கட்டினாள். அதன் பிறகுதான் தன் கையுறையைக் கழற்றினாள். மோரக் என் பக்கத்தில் வந்து, "உன் ஒரு மணி நேரம் சரியாக இருந்தது. அது இல்லாவிட்டால் உச்சி கிடைத்திருக்காது" என்றாள். அப்புறம் ரெஜினாளைக் காட்டிச் சொன்னாள்: "நாற்பது வருடமாக மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறேன். எனக்கு ஏதாவது ஆனால் என்னை இறக்கிக் கொண்டுவர இவள்தான் வேண்டும்."

கேலமை அவன் வீட்டில் விட நாங்கள்தான் கொண்டுபோனோம். பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வழியெல்லாம் பேசினான். உச்சியில் ஒன்றும் தெரியவில்லையாம். நீட்டிய கை தெரியவில்லையாம். உச்சிக்கு அடையாளமான கற்குவியலைத் தொட்டதும் எல்லோரும் உடனே திரும்பிவிட்டார்கள். ரெஜினாள் மட்டும் திரும்பவில்லை. பள்ளத்தாக்கைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து மூன்று தடவை கத்தினாளாம்.

"இன்னாசி, இன்னாசி, இன்னாசி என்று. உனக்குக் கேட்டதா?" என்றான்.

"கேட்கவில்லை" என்றேன். வண்டியை ஓட்டுவதில் கவனம் வைத்தேன்.

இருபத்தாறு வருடத்தில் அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஏங்க, இங்க பாருங்க, ஜெனிட்டா அப்பா. மருத்துவமனையில், பள்ளிக்கூடத்தில், விசா அலுவலகத்தில், புருஷன் பெயர் என்ன என்று கேட்டால் பேனாவை வாங்கி எழுதிக் காட்டுவாள்.

கேலமை இறக்கிவிட்ட பிறகு தெருமுனை வரை ஓட்டினேன். பிறகு கேட்டேன். "மேல நின்னு என்னமோ கத்துனியாமே?"

"யாரு சொன்னா?"

"கேலம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவன் முட்டியை இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கணும்."

"எனக்குக் கேக்கல ரெஜினா. இன்னொரு தடவ சொல்லேன்."

அவள் முகம் காது வரை சிவந்திருந்தது, குளிரோ என்னவோ.

"இங்கதான் காத்தே இல்லல்லா. சொன்னா கேட்டுருமே" என்றாள்.